இலுப்பைப்பூவின் கணக்கு

ஹைதராபாத்தில் சதுர அடி விலை கேட்டால் தலை சுற்றும் இடங்களில் ஒன்று பஞ்சாரா ஹில்ஸ். பெயர் பஞ்சாராக்களுடையது. எருதுகளில் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராய்ப் போன அந்த மக்கள், நகருக்கு வெளியே வெறும் பாறைக் குன்றாகக் கிடந்த இந்த இடத்தில் தங்கியிருந்தார்கள். 1930 வாக்கில் நிஜாம் அரசின் உயர் அதிகாரி மெஹ்தி நவாஸ் ஜங் அங்கே பாறைகளையே சுவராகச் சேர்த்து வீடு கட்டினார். அவரைத் தொடர்ந்து நகரமும் குன்றேறியது. 2022 செப்டம்பர் 17 அன்று தெலங்கானா அரசு அதே பஞ்சாரா ஹில்ஸில் கொமரம் பீம் ஆதிவாசி பவன், சேவாலால் பஞ்சாரா பவன் என்று இரண்டு கட்டடங்களைத் திறந்தது. குன்றுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்குக் குன்றின் மேல் ஒரு மண்டபம் கிடைத்தது.

ஹைதராபாத் தன் பழங்குடிகளுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரத்திலிருந்து அறிக்கைகள், ஒழுங்குமுறைச் சட்டங்கள், கடன் திட்டங்கள், கூட்டுறவுக் கழகங்கள் என்று போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் சில, எழுதப்பட்ட காலத்தில், நாட்டிலேயே மிகச் சிறந்தவை. அப்படியும் அதிலாபாத் பீடபூமியின் கோண்டு விவசாயி ஒவ்வோர் ஆனியிலும் பருத்தி விதைக்காகக் கடன்காரரின் கடைவாசலில் நிற்கிறார். காரணமாக எனக்குப் படுவது ஒன்றுதான்: பணம் காட்டுக்குப் போனது, கணக்கு ஹைதராபாத்திலேயே தங்கிவிட்டது. எந்த நிலம் யாருடையது, எந்த மரத்தை யார் விற்கலாம், எந்தப் பூவுக்கு என்ன விலை என்று முடிவு செய்யும் உரிமை அவர்கள் கைக்குப் போகவே இல்லை.

கதை நிலத்திலிருந்து தொடங்குகிறது. கோண்டுகள் கிழங்கு தோண்டி வாழ்ந்த கூட்டம் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. இன்றைய சந்திரபூரான சந்தாவில் கோண்டு மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆண்டார்கள். அங்கே அவர்களுடைய கோட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது. அதிலாபாத்தின் ராஜ கோண்டுகள் ஏர் பூட்டிச் சோளம் விதைத்த உழவர்கள். அவர்களுடைய மேட்டு நிலத்தில் மண் மெலிந்தது. சில ஆண்டுகள் விதைத்தபின் அந்தத் துண்டைத் தரிசாக விட்டு வேறிடம் உழுவார்கள். கொள்ளைநோய் வந்தால் ஊரையே பெயர்த்துக்கொண்டு போவதும் உண்டு. நிலம் ஏராளமாக இருந்த காலத்தில் இது சரியான வேளாண்மை. ஆனால் வருவாய்த்துறைக்காரர் சங்கிலியும் பதிவேடுமாக வந்து நின்றபோது, தரிசாகக் கிடந்த துண்டுக்கு எதிரே யார் பெயரும் இல்லை. ஆள் இல்லாத நிலம் சர்க்கார் நிலம். கேட்டு வாங்கத் தெரிந்தவன், கட்டணம் கட்ட முடிந்தவன், உருதுவில் மனு எழுதத் தெரிந்தவன் அதற்குப் பட்டா பெற்றான். 1920களின் இறுதியில் காஜிபேட்டையையும் பல்லார்ஷாவையும் இணைத்து ரயில் பாதை வந்தபின் அப்படிப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மறுபக்கம் வனத்துறை காப்புக்காட்டுக்கு எல்லைக்கல் நட்டது. கல்லுக்கு உள்ளே அகப்பட்ட ஊர்கள் ஒரே இரவில் ஆக்கிரமிப்பு ஆயின.

சர்க்கார் நிலத்தை ஆண்டுக்கு ஆண்டு தற்காலிகமாக உழுபவனை நிஜாமின் கணக்கு ‘சிவாய் ஜமாபந்தி’ என்றது. நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் ‘சிவாய் ஜமா’, ‘பி-மெமோ’ என்று அலைந்தவர்களுக்கு இது அந்நியமான சொல்லாக இருக்காது. தீர்வை கட்டலாம், ரசீது வாங்கலாம், உரிமை மட்டும் வராது. கோண்டுகளில் பெரும்பாலோர் தங்கள் பாட்டன் நிலத்தில் இந்த நிலையில்தான் இருந்தார்கள்.

இந்தச் சூழலில்தான் கொமரம் பீம் வருகிறார். தமிழ் ரசிகர்களுக்கு அவர் ‘ஆர்ஆர்ஆர்’ படத்தில் ஜூனியர் என்டிஆர் நடித்த பாத்திரம். அதில் வரும் புலியும் பாலமும் கற்பனை. உண்மை பீம் ஆசிபாபாத் பக்கத்துக் கோண்டு விவசாயி. வனத்துறை கலைத்த ஊர்களுக்குச் சாகுபடி உரிமை கேட்டு முறையிட்டுப் பார்த்துப் பயனில்லாமல், ஜோடேகாட் மலையில் தன் மக்களைத் திரட்டி நின்றார். 1940இல் நிஜாமின் போலீஸ் சுட்டதில் பீமும் தோழர்கள் பலரும் இறந்தார்கள். நீர், காடு, நிலம் என்ற முழக்கம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூலி உயர்வு, மானியம், கடன் தள்ளுபடி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுட்டுக் கொன்ற அரசே, ஏன் இப்படி நேர்ந்தது என்று கேட்கவும் செய்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனவர் ஓர் ஆஸ்திரியர். வியன்னாவில் பிறந்த மானிடவியலாளர் கிறிஸ்டோப் வான் ஃப்யூரர்-ஹைமன்டார்ஃப், 1939இல் போர் மூண்டபோது எதிரி நாட்டுக் கடவுச்சீட்டோடு இந்தியாவில் சிக்கியவர். பிரிட்டிஷார் அவரை ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் இருத்தினார்கள். அவரும் மனைவி பெட்டியும் நல்லமலைச் செஞ்சுக்களிடமும், கோதாவரிக் கரை மலை ரெட்டிகளிடமும், பிறகு அதிலாபாத் கோண்டுகளிடமும் போய் வாழ்ந்தார்கள். அதிலாபாத் பற்றி அவர் தந்த அறிக்கையில் இலக்கியம் குறைவு, கணக்கு அதிகம்: எந்த ஊரில் எத்தனை குடும்பம், எத்தனை பேருக்குப் பட்டா, யார் யாருக்குக் கடன். நிஜாமின் வருவாய்த்துறைப் பொறுப்பில் இருந்த கிரிக்சன் ஏற்கனவே பஸ்தார் மாரியா கோண்டுகளைப் பற்றி நூல் எழுதியவர். எனவே அறிக்கை அலமாரிக்குப் போகவில்லை. 1943இல் கோண்டு ஊரான மார்லவாயில் கோண்டி மொழி வழியே ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. பழங்குடியினருக்குக் கட்டணமின்றிப் பட்டா தரச் சிறப்பு விதிகள் வந்தன. சேது மாதவராவ் பகடி என்ற மராட்டிய அதிகாரி கோண்டி கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போய் அவற்றை நிறைவேற்றினார். 1940களின் இறுதிக்குள் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் கோண்டு, கோலாம் விவசாயிகளின் பெயருக்கு வந்தது. பசலி 1356இல், அதாவது 1946இல், பழங்குடிப் பகுதிகளுக்கென்றே தனி ஒழுங்குமுறைச் சட்டமும் பிறந்தது.

சர்வாதிகார சமஸ்தானம் ஒன்று, வெளிநாட்டுக்காரர் சொல்லைக் கேட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் செய்த காரியம் இது. பின்னால் வந்த மக்களாட்சி அரசுகள் இதே வேகத்தில் நிலம் கொடுக்கவில்லை என்பது சங்கடமான உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதுவேதான். பட்டாவைத் தந்தது ஒரு நல்ல அதிகாரியின் கை. கை மாறியதும் காவல் போயிற்று.

1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஹைமன்டார்ஃப் லண்டன் போனார். 1956 மொழிவாரிப் பிரிவினையில் அதிலாபாத்தின் கின்வட், ராஜுரா தாலுகாக்கள் பம்பாய் மாநிலத்துக்குப் போயின. தெலுங்கருக்கு ஒரு மாநிலம், மராட்டியருக்கு ஒரு மாநிலம் என்று கோடு போட்டபோது கோண்டி பேசுவோரின் நடுவே கத்தி விழுந்தது. 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் பேசிய அந்த மொழி அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இன்றும் இல்லை.

பிறகு சாலை போட்டார்கள். வளர்ச்சி பற்றிய நம் பொது நம்பிக்கைக்கு இதுதான் கசப்பான இடம். அதிலாபாத்தின் உட்னூர்ப் பீடபூமிக்குச் சாலை வந்தால் கோண்டின் சோளம் நல்ல விலைக்குப் போகும் என்பது ஏட்டுக் கணக்கு. நடந்தது வேறு: சாலை வழியே முதலில் வந்தவர்கள் நிலம் தேடியவர்களும் வட்டிக்குக் கொடுப்பவர்களும். 1970களில் திரும்பி வந்த ஹைமன்டார்ஃப், தான் பட்டா கிடைக்கப் பாடுபட்ட ஊர்களிலேயே கோண்டுகள் கூலியாட்களாக நிற்பதைக் கண்டார். 1982இல் வெளியான அவர் நூலின் துணைத்தலைப்பே பிழைத்திருக்கும் போராட்டம் என்று பொருள்படுவது. அதில் அவர் அடுக்கும் நில இழப்புக் கதைகளில் பெரும்பாலானவை பேருந்து போகும் ஊர்களில் நடந்தவை.

சட்டம் இல்லாமல் இது நடந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். சட்டம் இருந்தது, அதுவும் கூர்மையான சட்டம். ஆந்திரப் பிரதேசத்தின் 1959ஆம் ஆண்டு நில மாற்ற ஒழுங்குமுறை 1963இல் தெலங்கானாப் பகுதிக்கும் வந்தது. ஸ்ரீகாகுளம் மலைகளில் சவரப் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்த பிறகு 1970இல் அதை இன்னும் இறுக்கினார்கள். பழங்குடிகளுக்கென அரசமைப்பின்கீழ் அறிவிக்கப்பட்ட அட்டவணைப் பகுதியில் பழங்குடி அல்லாதவர் கையில் உள்ள நிலம் பழங்குடியினரிடமிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. பழங்குடி அல்லாதவர் தமக்குள்கூட அதை விற்றுக்கொள்ள முடியாது. உச்ச நீதிமன்றம் 1988இல் இதைச் செல்லும் என்று உறுதிசெய்தது.

ஆனாலும் நிலம் போயிற்று. எப்படி? சிறு அளவு நிலம் வைத்திருக்கும் வெளியாருக்கு விலக்களிக்கும் ஆணைகள் 1970களிலேயே வந்தன. வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளும் ‘சாதா பைனாமா’ இருந்தது. முன்தேதியிட்ட ரசீதுகள் இருந்தன. பழங்குடிப் பெண்ணை மணந்து அவள் பெயரில் நிலம் வாங்கும் வழியும் இருந்தது. ஐக்கிய ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதி நிலத்தில் ஏறத்தாழப் பாதி பழங்குடி அல்லாதவர் கையில் இருப்பதாக 2000களின் அரசுத் தரப்பு அறிக்கைகளே ஒப்புக்கொண்டன.

இதற்குச் சில பொருளாதார வல்லுநர்கள் சொல்லும் மருந்து, தடையையே நீக்கிவிடுவது. விற்க முடியாத நிலத்துக்கு வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் முதலீடு இல்லை, நிலத்தைச் சந்தையில் விட்டால் பணம் புரளும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்கா இதைச் செய்து பார்த்துவிட்டது. 1887இன் டாவ்ஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டாக்கிச் சந்தைக்கு வழிவிட்டது. அப்போது அவர்களிடம் இருந்தது சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934இல் மிஞ்சியது 4.8 கோடி. பணம் புரண்டது உண்மை, யார் கையில் என்பதுதான் கேள்வி.

நிலத்துக்கு அடுத்தது காட்டு விளைபொருள். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பது நம் பழமொழி. வேறு வழியில்லாதபோது கொள்ளும் மாற்று என்று நாம் இளப்பமாகச் சொல்லும் பூ, தெலுங்கில் ‘இப்பப்பூவு’, வடக்கே ‘மஹுவா’, அதிலாபாத்தில் ஒரு முழுப் பொருளாதாரம். கோடை தொடங்கும்போது விடியலில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்குவார்கள். காயவைத்தால் மழைக்காலப் பஞ்சத்துக்கு உணவு, சடங்குக்குச் சாராயம், மிச்சம் சந்தைக்கு. நிஜாம் அரசின் வருமானத்தில் ஆப்காரி என்ற மது வரிக்குப் பெரும்பங்கு இருந்தது. அதனால் தன் மரத்துப் பூவில் தன் வீட்டுப் பானையில் காய்ச்சிய கோண்டு குற்றவாளி ஆனார். காய்ந்த பூவை ஏலக் குத்தகைக்காரரிடம் மலிவாகக் கொடுத்துவிட்டு, அதன் சாராயத்தைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கவேண்டிய நிலை.

வியாபாரிகளின் எடைக்கல்லிலிருந்து மீட்கத்தான் 1956இல் விசாகப்பட்டினத்தில் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் தொடங்கியது. காட்டு விளைபொருளை அரசே கொள்முதல் செய்வது, அங்கேயே அரிசி, உப்பு, துணி நியாய விலைக்கு விற்பது. நல்ல யோசனை. காலப்போக்கில் 1979 ஒழுங்குமுறையால் கொள்முதலில் ஏகபோகமும் வந்தது. சேட்டு போய்க் கழகம் வந்தது, எடை நேரானது. ஆனால் விலையை இன்னும் வேறொருவர்தான் சொன்னார். தேனும் சோப்பும் ‘கிரிஜன்’ பெயரில் நகரக் கடைகளில் வந்தபோது, கிரிஜன், அதாவது மலைவாசி, அந்தக் கணக்கில் பொருள் தருபவர். பங்குதாரர் என்பது காகிதத்தில்.

அண்மைக்காலமாக உட்னூர்ப் பெண்கள் குழு ஒன்று இப்பப்பூவில் லட்டு பிடிக்கிறது. விடுதி மாணவிகளின் இரத்தசோகைக்கு அது போகிறது. ஹைதராபாத்தை ஒட்டிய பட்டாஞ்செருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் சோளமும் சிறுதானியமும் கலந்த சத்துணவுப் பொட்டலங்களை வடிவமைத்து, உட்னூர், ஏட்டூர்நாகாரம், பத்ராசலம் பகுதிகளில் பழங்குடிப் பெண்களையே கொண்டு செய்விக்கிறது. இவற்றைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. பெண்கள் கையில் மாதச் சம்பளம் வருவது பெரிய விஷயம். ஒன்றை மட்டும் சொல்லிவிடவேண்டும். சோளம் இவர்கள் தட்டில் இருந்த தானியம். கடன் கொடுத்தவர்கள் பருத்தி கேட்டதால் வயலிலிருந்து வெளியேறியது. இப்போது ஆய்வுக்கூடம் வழியாகப் பொட்டலத்தில் திரும்பி வருகிறது.

வேறு வழி உண்டா என்று கேட்பவர்கள் எல்லை தாண்டி மகாராஷ்டிரத்தின் கட்சிரோலிக்குப் போகவேண்டும். அங்கே மேண்டா-லேகா என்ற கோண்டு ஊர். 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது ஊர் முழுமைக்கும் சமூக உரிமை பெற்றது. உரிமை வந்தபின்னும் மூங்கிலை வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதிச்சீட்டு தர மறுத்தது. மூங்கில் மரமா புல்லா என்று தாவரவியல் வழக்கே நடந்தது. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அனுமதிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார். அதன்பிறகு ஊரே மூங்கிலுக்கு விலை கூறி விற்றது. வருமானம் கோடி ரூபாயைத் தொட்டது. மண்ணும் மூங்கிலும் மக்களும் அதிலாபாத்தைப் போலவேதான். அதிலாபாத் பக்கம் மூங்கில் காகஸ்நகரின் சிர்ப்பூர்க் காகித ஆலைக்குப் போனது. 1942இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. ஆலை இருந்த ஊரில் கோண்டுக்கு மூங்கில் வெட்டும் கூலி. ஆலை இல்லாத ஊரில் மூங்கிலே அவருடையது. பழமொழியைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கிறது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. கோத்தகிரியில் 2013இல் தொடங்கிய ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தேனும் மிளகும் காப்பியும் கொண்டுவருபவர்களே பங்குதாரர்கள். 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது.

தெலங்கானா 2023 ஜூனில் சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு 4 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட ‘போடு’ எனப்படும் காட்டுச் சாகுபடி நிலத்துக்குப் பட்டா வழங்கத் தொடங்கியது. ஆசிபாபாத்தில் தொடங்கிய விழா அது. 2018இல் வந்த ‘ரைத்து பந்து’ உதவித்தொகை பட்டா இருந்தால்தான் கிடைத்தது என்பதால் இந்தத் தாளின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவை தனிநபர் பட்டாக்கள். காட்டின் மீது ஊருக்கு உரிமை தருவதில் வனத்துறை இன்னும் கைவிரிக்கிறது. தனித்தனித் துண்டு கடனில் கரையும் என்பதற்கு 1940களின் பட்டாக்களே சாட்சி.

இதில் பஞ்சாராக்களை, அதாவது லம்பாடாக்களை, விட்டுவிட்டுப் பேச முடியாது. 1976இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் அவர்கள் ஆந்திரம் முழுவதும் பழங்குடிப் பட்டியலில் வந்தார்கள். அதே மக்கள் மகாராஷ்டிரத்தில் சீர்மரபினர், கர்நாடகத்தில் பட்டியல் சாதி, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். தருமபுரி சிட்டிலிங்கியின் லம்பாடிப் பெண்கள் போடும் பூத்தையலைப் பார்த்தவர்களுக்கு இவர்களைத் தெரிந்திருக்கும். ஒரு சாதிக்கு நான்கு மாநிலத்தில் நான்கு விலாசம். விளைவாக எல்லை தாண்டி அதிலாபாத்துக்குக் குடியேற்றம் நடந்தது. நிலமும் வேலையும் இடஒதுக்கீடும் தங்கள் கையைவிட்டுப் போவதாகக் கோண்டுகள் கொதித்தார்கள். 2017இல் அது தெருமோதலானது. 2011இல் தெலங்கானாவின் பழங்குடியினர் சுமார் 32 லட்சம், அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லம்பாடாக்கள். லம்பாடாக்களின் குடியிருப்புகளான தண்டாக்களில் வறுமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஹைதராபாத்தின் ஆட்டோக்களையும் கட்டட வேலையையும் பார்த்தால் தெரியும். இரண்டு ஏழைகளை ஒரே பட்டியலின் ஒரே வரிசையில் நிறுத்தி, நிலத்தின் அளவை மட்டும் கூட்டாமல் விட்டது ஹைதராபாத்தின் கணக்குப் பிழை. அதற்கான வட்டியை அவர்கள் ஒருவருக்கொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதிலாபாத்தின் இந்திரவெல்லியில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. 1981 ஏப்ரல் 20 அன்று நிலம், கடன், விளைபொருள் விலை பற்றிப் பேசக் கூடிய கோண்டுகள் மீது போலீஸ் சுட்டது. அரசு சொன்ன எண்ணிக்கை 13. மக்கள் சொல்வது அதைவிடப் பல மடங்கு. ஐக்கிய ஆந்திரக் காலத்தில் அந்தத் தேதியில் தடையுத்தரவு போடுவது வழக்கமாகவே இருந்தது.

அதே இந்திரவெல்லி மண்டலத்தில் கேஸ்லாபூர். தை அமாவாசையை ஒட்டி அங்கே நாகோபா என்ற தெய்வத்தின் ஜாத்ரா. பீம் இறந்தபின், அதிகாரிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மக்கள் முன் வந்து குறை கேட்கட்டும் என்று 1940களில் ஹைமன்டார்ஃப் தொடங்கிவைத்த தர்பார் இன்றும் அந்தத் திருவிழாவில் நடக்கிறது. தர்பாரில் மேசை போட்டு மனு வாங்குகிறார்கள். பட்டா கேட்கும் மனுக்கள் இன்னும் வருகின்றன. நாகோபாவுக்குப் பூசை செய்யும் மேஸ்ராம் குலத்தார் பழைய கோயிலை எடுத்துக் கட்ட முடிவு செய்தபோது அந்த மேசைக்குப் போகவில்லை. நம் ஊரில் தலைக்கட்டு வரி போடுவதுபோலத் தங்களுக்குள்ளேயே குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்துக் கோடிக்கணக்கில் பணம் திரட்டினார்கள். கல்லில் எழும்பிய அந்தக் கோயில் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது.